நூலால் அளந்த வானவழி

நிலத்தில் நடப்பவனுக்குச் சாலை உண்டு. வழி தவறினால் எதிரே வருபவரைக் கேட்டறியலாம். கடலில் செல்லும் மீகாமனுக்குச் சாலை இல்லை. ஆயினும் ஐயம் தோன்றினால் பாயைச் சுருக்கிக்கொண்டு பொழுது விடியும்வரை காத்திருக்கலாம். வானத்தில் செல்லும் விமானிக்கோ சாலையும் இல்லை. நின்று காத்திருக்கவும் இடமில்லை. அவன் ஐயுற்று மயங்கும் ஒவ்வொரு நிமிஷமும் விமானம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் குறைந்துகொண்டே வருகிறது. அங்ஙனமாயின், அவன் வழி அறிவது எவ்வாறு? இந்த வினாவுக்கு விடையை ஒரு விமானியின் வாழ்விலிருந்தே காண முயல்வோம். அவர் பெயர் சார்ல்ஸ் லிண்ட்பெர்க். 1927-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை, தன்னந்தனியராக, இடையில் எங்கும் இறங்காமல் பறந்து சென்றவர் அவர். அவருடைய துணிவை உலகம் அறியும். அவருடைய கணக்கை அறிந்தவர் சிலரே.

லிண்ட்பெர்க் வழி அறியும் கலையோடு பிறந்தவர் அல்லர். 1922-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் விமானப் பயிற்சியைத் தொடங்கினார். மறு ஆண்டில், முதல் உலகப்போருக்குப் பின் மிஞ்சிய பழைய விமானம் ஒன்றை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் பறக்கலானார். அந்த விமானத்தில் திசைகாட்டி பொருத்தப்பட்டிருக்கவில்லை. மிஸிஸிப்பி மாநிலத்தின் மேரிடியன் நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வதே அவர் எண்ணம். வழியில் மழைமேகங்கள் குறுக்கிட்டன. அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பறந்ததில் திசை மயங்கியது. கடைசியில் ஒரு வயலில் இறங்கினார். விமானம் பள்ளத்தில் மோதி, காற்றாடி முறிந்தது. அங்கிருந்தவர்களை விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது: மேற்கே செல்ல வேண்டியவர் வடக்கே 125 மைல் வந்திருந்தார்!

அக்காலத்து விமானிகள் பெரும்பாலும் கண்ணை நம்பியே பறந்தனர். இருப்புப்பாதையும் ஆறும் ஊர்களின் விளக்குகளுமே அவர்களுக்கு வழித்துணை. 1926-இல் செயின்ட் லூயிஸ் நகருக்கும் சிகாகோவுக்கும் இடையே தபால் விமானம் ஓட்டிய லிண்ட்பெர்க்கும் அவ்வாறே பறந்தார். மூடுபனி கவிந்த இரவில் அந்தத் துணை பயன்படாது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் தரை தெரியாமல் இருளில் அலைந்து, பெட்ரோல் தீர்ந்ததும் குதிகுடையின் உதவியால் குதித்து அவர் உயிர் தப்பினார். கண்ணுக்குப் புலப்படும் அடையாளங்களையே நம்பியவனுக்கு, அவை மறைந்தபின் நம்புதற்கு வேறொன்று வேண்டும் என்பதை அந்த இரவுகள் உணர்த்தியிருக்க வேண்டும்.

நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் இடையே நில்லாமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு என்று 1919-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. அதனை நாடியோர் பலர், உயிரிழந்தோரும் பலர். 1926-இல் ஒரு பெரிய விமானம் கிளம்பும்போதே தீப்பற்றி இருவர் மாண்டனர். 1927 மே 8-ஆம் நாள் பாரிஸிலிருந்து புறப்பட்ட நன்ஜெஸ்ஸர், கோலி என்னும் இரு பிரெஞ்சு வீரர்கள் நியூயார்க் வந்து சேரவே இல்லை. இவற்றைக் கண்டும் லிண்ட்பெர்க் தனியாகவே செல்லத் துணிந்தார். ஒருவர் குறைந்தால் அந்த எடைக்குப் பெட்ரோல் ஏற்றலாம் என்பது அவர் கருத்து. ஆனால் ஓட்டுபவரும் அவரே, வழி கணிப்பவரும் அவரே என்றாயிற்று. கடலின்மேல் நெடுந்தூரம் வழி கணிக்கும் கலையை அவர் அதுவரை கற்றதில்லை.

ஆகவே கற்கத் தொடங்கினார். கலிபோர்னியாவில் ஸான் டியகோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவருடைய விமானம் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் அந்நகரப் பொதுநூலகத்துக்குச் சென்று, அங்கிருந்த பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை வைத்து, நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் இடையே இழுத்துப் பிடித்தார். நூலின் நீளத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார். சுமார் 3,600 மைல் என்று விடை வந்தது. இவ்வளவு எளிய செயலிலிருந்து அந்தப் பெரும்பயணம் பிறந்தது.

அந்த நூல் வேறோர் உண்மையையும் காட்டுகிறது. நாம் பள்ளியில் பார்க்கும் தட்டையான தேசப்படத்தில் இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோடு கிழித்தால் அதுவே குறுக்குவழி என்று தோன்றும். ஆனால் பூமி உருண்டை. உருண்டையின்மேல் இழுத்துப் பிடித்த நூல் வடக்கே வளைந்து, நோவா ஸ்கோஷியா, நியூபவுண்ட்லாந்து ஆகியவற்றைத் தொட்டு, அயர்லாந்தின் தென்பகுதி வழியாகப் பாரிஸை அடைகிறது. அதுவே மெய்யான குறுக்குவழி. ஆயின் அந்த வழியில் செல்பவன் ஒரே திசையை நோக்கிப் பறக்க இயலாது. சிறிது சிறிதாகத் திசையை மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும்.

லிண்ட்பெர்க் ஸான் பேத்ரோ துறைமுகத்தில் கப்பற் பொருள்கள் விற்கும் கடைக்குச் சென்று மாலுமிகளின் படங்களை வாங்கி வந்தார். பின்னர்த் தொழிற்சாலையில் அமர்ந்து, முழு வழியையும் நூறு நூறு மைலாக 36 பகுதிகளாகப் பிரித்தார். விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 மைல். ஆகவே ஒரு பகுதிக்கு ஒரு மணி. மணி ஒன்று கழிந்ததும் புதிய திசை. அந்தத் திசை இன்னது என்று படத்திலேயே குறித்துக்கொண்டார்.

திசையைக் குறிப்பதோடு வேலை முடிந்துவிடுமா? இல்லை. திசைகாட்டியின் முள் உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. பூமியின் காந்த வடக்கையே காட்டுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும். லிண்ட்பெர்க் சென்ற காலத்தில் நியூபவுண்ட்லாந்து அருகே அது 30 பாகை அளவுக்கு இருந்தது. அதைக் கழித்தோ கூட்டியோ திருத்த வேண்டும். அடுத்தது காற்று. மணிக்கு 100 மைல் வேகத்தில் கிழக்கே செல்லும் விமானத்தின்மீது வடக்கிலிருந்து மணிக்கு 20 மைல் வேகத்தில் காற்று வீசினால், ஒரு மணி நேரத்தில் விமானம் 20 மைல் தெற்கே ஒதுங்கிவிடும். விமானி வடக்கு நோக்கி ஏறத்தாழ 12 பாகை முகத்தைத் திருப்பிப் பறந்தால்தான் நேர் கிழக்கே செல்வான். ஆற்றைக் கடக்கும் ஓடக்காரன் நீரோட்டத்தை எதிர்த்துச் சாய்வாகத் துடுப்புப் போடுவது இதே கணக்குத்தான்.

மாணவர்கள் மனத்தில் கொள்ளத்தக்க எளிய விதி ஒன்று உண்டு. திசையில் ஒரு பாகை தவறினால், 60 மைல் தூரத்தில் ஒரு மைல் விலகிப் போவோம். 60 மைலுக்கு ஒரு மைல் சிறு பிழையே. ஆனால் 3,600 மைலுக்கு அது 60 மைல்! சிறு பிழை பெரும்பயணத்தில் பெரும்பிழையாகிறது.

1927 மே 20-ஆம் நாள் காலை 7 மணி 52 நிமிஷத்துக்கு, சுமார் 450 காலன் பெட்ரோலுடன் லிண்ட்பெர்க் புறப்பட்டார். முந்தைய இரவு அவர் உறங்கவில்லை. எடையைக் குறைப்பதற்காக ரேடியோவை விட்டார், குதிகுடையையும் விட்டார், படங்களில் வேண்டாத ஓரங்களைக்கூட வெட்டி எறிந்தார். ஆனால் கணக்கை மட்டும் விடவில்லை. நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரைத் தாண்டியபின் ஏறக்குறைய 16 மணி நேரம் நிலம் என்பதே இல்லை. இரவில் உறைபனி கொண்ட மேகங்கள் வழிமறித்தன. அவற்றைச் சுற்றிச் சென்றார். உறக்கம் இமைகளை அழுத்தியது. விடிந்தபின் கடலுக்கு மிக அருகே தாழ்ந்து, அலைகளின் நுரை சிதறும் போக்கைக் கண்டு காற்றின் திசையையும் வேகத்தையும் மதிப்பிட்டார். மீன்பிடிப் படகுகளைக் கண்டபோது வட்டமிட்டுத் தாழ்ந்து, அயர்லாந்து எப்பக்கம் என்று உரக்கக் கூவிக் கேட்டார். விடை கிடைக்கவில்லை. தம் கணக்கையே நம்பி மேலே சென்றார்.

கடைசியில் கரை தெரிந்தது. மலைகளையும் வளைகுடாவையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அது அயர்லாந்தின் டிங்கிள் விரிகுடா. அவர் வகுத்த வழியிலிருந்து விலகியது ஏறத்தாழ மூன்றே மைல். மொத்தம் 33 மணி 30 நிமிஷம் பறந்து அன்று இரவு பாரிஸில் இறங்கியபோது, கலத்தில் 85 காலன் பெட்ரோல் மீதம் இருந்தது.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதையாகியிருக்கும். 1928 பிப்ரவரியில் அதே விமானத்தில், அதே லிண்ட்பெர்க், கியூபாவின் ஹவானாவிலிருந்து நள்ளிரவில் தம் நாட்டுக்குப் புறப்பட்டார். கடலின்மேல் இரண்டு திசைகாட்டிகளும் பழுதுற்றன. ஒன்றின் முள் ஊசலாடியது, மற்றொன்று சுழன்றது. மூட்டத்தில் விண்மீன்களும் சரிவரத் தெரியவில்லை. விடிந்தபோது அவர் பஹாமாத் தீவுகளின்மேல் இருந்தார்; செல்ல வேண்டிய வழியிலிருந்து ஏறத்தாழ 300 மைல் விலகியிருந்தார்!

உலகம் முழுவதும் போற்றிய ஒரு விமானி இதை மறைத்துவிட்டு, அதிர்ஷ்டத்தை நம்பி வாழ்ந்திருக்கலாம். லிண்ட்பெர்க் அவ்வாறு செய்யவில்லை. அந்த ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படை அதிகாரியான வீம்ஸ் என்பவரிடம் மாணவராக அமர்ந்து, ஞாயிறும் விண்மீன்களும் நிற்கும் உயரத்தை அளந்து இருப்பிடம் காணும் முறையைக் கற்றார். அவர் மனைவி ஆன் அம்மையார், ஹெரால்டு கேட்டி என்னும் வழிகாணும் அறிஞரிடம் அதே கலையைப் பயின்றார். 1930 ஏப்ரலில் இருவரும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை பறந்தபோது, கருவி கொண்டு வழி கணித்தவர் அம்மையாரே.

இன்று விண்ணிலுள்ள செயற்கைக் கோள்கள் விமானியின் இருப்பிடத்தை நொடிக்கு நொடி கூறுகின்றன. அப்படியும் விமானப் பயிற்சி பெறும் மாணவன் முதலில் படத்தை விரித்துக் கோடு கிழிக்கிறான், காந்த வேறுபாட்டைத் திருத்துகிறான், காற்றைக் கணக்கிடுகிறான், செல்லும் தூரத்துக்கு வேண்டிய பெட்ரோலோடு எதிர்பாராத தடைக்கென ஒரு பங்கையும் சேர்த்து வைக்கிறான். கருவி பழுதாகும் நாள் ஒன்று வரலாம் என்பதை ஹவானா இரவு கற்பித்துவிட்டது. வானத்தில் செல்லும் வழி, நூலகத்து மேஜையில், ஒரு சாண் நூலோடு தொடங்குகிறது. பிழை நேர்ந்தபின் மீண்டும் மாணவனாகும் பணிவு உடையவனுக்கே அது முடிவுவரை துணை நிற்கிறது.