சோற்றைக் குறைத்தால் தட்டில் எதை வைப்பது?

எடையைக் குறைக்க வெள்ளைச் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டுக்கு மாறுபவர்கள் பலர். குரக்கன் மாவில் நார்ச்சத்து கூடத்தான். ஆனால் 100 கிராம் மாவில் சுமார் 70 கிராம் மாச்சத்து. சிவப்பரிசி, ஒடியல் மா, மரவள்ளி எல்லாம் மாச்சத்து உணவுகளே. நிறமும் ஊரும்தான் வேறு.

மீன், இறால், கோழி, முட்டை ஆகியவற்றில் மாச்சத்து மிகச் சொற்பம். கத்தரி, வெண்டி, பாவற்காய், புடோல், கோவா, வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றைத் தாராளமாக உண்ணலாம். இன்றைய விலைவாசியில் சூடை மீனும் முட்டையும் கீரையும்தான் கட்டுப்படியாகும். பருப்பில் புரதத்துடன் மாச்சத்தும் இருப்பதால் ஒரு சிறு கிண்ணம் போதும். தேங்காய்ப்பாலில் மாச்சத்துக் குறைவுதான், கலோரியோ ஏராளம். கட்டிப்பால் சொதியைக் குடித்துக்கொண்டு எடை இறங்கவில்லை என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

தேநீரையும் கணக்கில் எடுங்கள். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு மூன்று தேநீர் என்றால் 24 கிராம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் சோற்றைத் திடீரென நிறுத்தக்கூடாது. மருந்தின் அளவை மாற்றாவிட்டால், சிலருக்கு இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரக நோயாளர்களும் மீன், இறைச்சியைக் கூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.