பட்டாணிப் பாத்தியும் செம்பனைத் தோட்டமும்

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பெற்றோரின் சாயல் பிள்ளையிடம் தோன்றுவதை மனிதன் நெடுங்காலமாகவே அறிந்திருந்தான். ஆயின், அச்சாயல் எவ்வாறு வந்து சேர்கிறது? தாயின் பண்பும் தந்தையின் பண்பும் பாலும் நீரும் போலப் பிரிக்க இயலாதவாறு கலந்து விடுகின்றனவா? அவ்வாறு கலந்து விடுமாயின், பாட்டியிடம் இருந்த ஒரு சாயல் மகளிடம் மறைந்து, பேத்தியிடம் மீண்டும் தலைகாட்டுவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த வரலாறு ஒரு துறவியின் பட்டாணிப் பாத்தியில் தொடங்கி, நம் மக்கள் வியர்வை சிந்திய செம்பனைத் தோட்டம் வரை நீள்கிறது.

கிரிகோர் மெண்டல் 1822ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று செக் நாட்டில் உள்ளதுமான ஒரு சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். மரம் விழுந்து தந்தை காயமுற்றமையால் குடும்பம் வறுமையில் வாடியது. தங்கை தன் சீதனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்ததாலேயே அவர் கல்வியைத் தொடர முடிந்தது. 1843இல் புரூண் நகரத்துத் துறவிமடத்தில் சேர்ந்தார். ஆசிரியப் பணியை விரும்பிய அவர், 1850இல் ஆசிரியத் தகுதித் தேர்வு எழுதித் தோல்வியுற்றார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின்னர் 1856இல் மீண்டும் முயன்றும் தேர்வை முடிக்க இயலாது திரும்பினார். இறுதிவரை சான்றிதழ் பெறாத துணையாசிரியராகவே அவர் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் புரூண் நகரப் பள்ளியொன்றில் பாடம் நடத்தினார் என்பது ஆசிரியர்களாகிய நாம் நினைவிற்கொள்ளத் தக்க செய்தியாகும்.

அதே 1856ஆம் ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் அவர் தம் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்து, ஏழு பண்புகளின் போக்கைக் கணக்கிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அடியோடு அழிந்ததுபோல் தோன்றியது. ஆனால் அவ்விதைகளை விதைத்து, தம்முள்ளேயே கருவுறச் செய்தபோது கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. மூன்றுக்கு ஒன்று என்ற இவ்விகிதம் ஏழு பண்புகளிலும் தோன்றியது.

இதிலிருந்து மெண்டல் கண்ட உண்மை யாது? ஒவ்வொரு பண்பிற்கும் ஒரு செடியில் இரண்டு காரணிகள் உள்ளன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அவை கலந்து கரைவதில்லை. ஒன்று ஓங்கி நிற்க, மற்றொன்று ஒடுங்கி மறைந்திருக்கும். அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போது இரண்டும் பிரிந்து, ஒன்று மட்டுமே செல்லும். இதனை மாணவர்க்கு விளக்கச் சோதனைக்கூடம் தேவையில்லை. இரண்டு பத்துக் காசு நாணயங்களைப் பலமுறை சுண்டச் செய்தால் போதும். இரண்டிலும் பூ விழுவது ஏறத்தாழ நான்கில் ஒரு முறை. இரண்டிலும் தலை விழுவது நான்கில் ஒரு முறை. பூவும் தலையுமாய் விழுவது நான்கில் இருமுறை. ஒடுங்கிய பண்பு வெளிப்பட இரு காரணிகளும் அதற்குரியனவாய் அமைய வேண்டும். ஆகவேதான் அது நான்கில் ஒன்றாகத் தோன்றுகிறது.

1865இல் தம் முடிவுகளைப் புரூண் நகர அறிவியற் கழகத்தில் இருமுறை உரையாற்றி விளக்கினார். மறு ஆண்டு அவை அச்சேறின. எனினும் அறிஞர் உலகம் அவற்றின் அருமையை உணரவில்லை. 1884இல் அவர் மறைந்தபோது மடத்துத் தலைவராகவே அறியப்பட்டிருந்தார். 1900ஆம் ஆண்டில் டி விரீஸ், காரன்ஸ், செர்மாக் ஆகிய மூவரும் தனித்தனியே அவ்வுண்மையை எட்டிய பின்னரே மெண்டலின் பெயர் உலகறிந்தது. அவர் கூறிய காரணிக்கு 1909இல் ‘ஜீன்’ என்ற பெயரை இட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்சன். அதனையே நாம் மரபணு என்கிறோம்.

இனி நம் மண்ணிற்கு வருவோம். மலாயாவில் வணிக நோக்கிலான முதற் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் அமைந்தது. அக்காலத்தில் இங்கு நடப்பட்டவை ‘டியூரா’ வகை மரங்கள். அவற்றின் பழத்தில் பருப்பைச் சூழ்ந்த ஓடு தடித்திருக்கும். எண்ணெய் தரும் சதை குறைவு. ‘பிசிபெரா’ என்னும் மற்றொரு வகைக்கு ஓடே இல்லை. ஆயின் அது பெரும்பாலும் காய் பிடிக்காத மலட்டு மரம். இவற்றிற்கு இடைப்பட்டது ‘டெனெரா’; ஓடு மெலிந்து, சதை மிகுந்தது. டெனெராவே சிறந்தது என்று அறிந்தவர்கள் அதன் விதைகளையே நட்டுப் பெருக்க முயன்றனர். பயன் கிட்டவில்லை. நான்கில் ஒரு பங்கு தடித்த ஓடாகவும், நான்கில் ஒரு பங்கு மலடாகவும் போயிற்று.

காரணத்தைக் கண்டவர்கள் பெல்ஜியக் காங்கோவின் யாங்கம்பி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பெயர்னார்ட், வான்டர்வேயன் என்னும் இருவர். ஓட்டின் தன்மையை ஆள்வது ஒரே ஒரு மரபணு என்று 1941இல் அவர்கள் வெளியிட்டனர். இரு காரணிகளும் ஓட்டிற்குரியனவாயின் டியூரா. இரண்டும் ஓடின்மைக்குரியனவாயின் பிசிபெரா. வகைக்கு ஒன்றாயின் டெனெரா. பட்டாணியைப் போல ஒன்று மற்றொன்றை முற்றும் மறைக்காமல், இங்கு இடைப்பட்ட தன்மை தோன்றுகிறது. எனவே டெனெராவைப் பெற டெனெராவை நடுதல் தகாது. டியூராவைத் தாயாகவும் பிசிபெராவின் மகரந்தத்தைத் தந்தையாகவும் கொள்ளல் வேண்டும். அப்போது பிறப்பன அனைத்தும் டெனெராவே! பயனற்றதென ஒதுக்கிய மலட்டு மரமே தந்தையாயிற்று. 1960களில் இந்நாட்டுத் தோட்டங்கள் டெனெராவிற்கு மாறின. டியூராவைக் காட்டிலும் அது ஏறத்தாழ முப்பது விழுக்காடு மிகுதியாக எண்ணெய் தருவது. 2013இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து அம்மரபணுவையே இனங்கண்டனர். முன்பு கன்று வளர்ந்து காய்க்கும்வரை காத்திருந்து, பழத்தை அறுத்துப் பார்த்தே வகையை அறிய வேண்டியிருந்தது. இன்று நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்து அறியலாம்.

இவ்வரலாற்றை இங்கு எடுத்துரைப்பதற்கு மற்றொரு நோக்கமும் உண்டு. ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது, அது பரம்பரைக் குணம்’ என்று ஓர் ஆசிரியர் கூறக் கேட்டேன், நான் பணியில் சேர்ந்த புதிதில். மூத்தவர் என்பதால் அன்று நான் மறுமொழி கூறவில்லை. அந்த மௌனத்திற்காக இன்றும் வருந்துகிறேன். பழத்தின் ஓட்டை ஒரு மரபணு ஆளலாம்; பிள்ளையின் கல்வியை அவ்வாறு ஒரு மரபணு ஆள்வதில்லை. எண்ணற்ற மரபணுக்களும், அவற்றோடு உணவும் வீடும் பள்ளியும் பயிற்சியும் சேர்ந்தே ஒரு பிள்ளையை உருவாக்குகின்றன. செம்பனையிலும் இதுவே உண்மை. உயர்ந்த டெனெராக் கன்றாயினும் உரமும் நீரும் இல்லாவிடில் நல்ல குலை தள்ளுவதில்லை. குலை தள்ளாத கன்றைக் கண்டால் தோட்டக்காரன் முதலில் மண்ணைத்தான் பார்க்கிறான், விதையைப் பழிப்பதில்லை.

பரம்பரை என்ற சொல்லைத் தவறாகக் கையாண்டதால் விளைந்த கொடுமைகளையும் வரலாறு பதிந்து வைத்துள்ளது. 1933இல் ஜெர்மனியில் இயற்றப்பட்ட சட்டம், ‘குறையுள்ள பரம்பரையினர்’ என்று முத்திரை குத்தி, இலட்சக்கணக்கானோரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தியது. அரைகுறை அறிவியல் அதிகாரத்தின் கையில் சிக்கியதன் விளைவு அது.

ஆகவே, மரபியலைக் கற்பிக்கும் ஆசிரியர் இரண்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். பண்புகள் வழிவழியாக வருவது உண்மை; மறைந்திருப்பது அழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. முதல் தலைமுறையில் காணப்படாத சுருங்கிய விதை அடுத்த தலைமுறையில் வெளிப்பட்டதன்றோ? ஏழை உழவனின் மகனாகப் பிறந்து, இருமுறை தேர்வில் தவறிய ஒரு துணையாசிரியரே இதனை உலகிற்கு உணர்த்தினார். அவரை ‘இவ்வளவுதான்’ என்று அளந்தவர்கள் தவறாக அளந்தார்கள். நம் வகுப்பறையில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையையும் நாம் அவ்வாறு தவறாக அளந்துவிடாதிருப்போமாக.