நிலவு வரைபடமாக்கல்: சந்திரயான் பணிகள்

நிலவின் தரையை அளந்து படமாக்க இந்தியா அனுப்பிய ஆளில்லா விண்கலங்களில் முதலாவது சந்திரயான்-1. 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை கொங்கு நாட்டுக்காரர். பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்தவர்.

நிலவிலிருந்து 100 கி.மீ. உயரத்தில் சுற்றிய அக்கலத்தில் 11 கருவிகள் இருந்தன. வரைபடப் பணியின் உயிர்நாடி, நிலப்பரப்பு வரைபடக் கேமரா. 20 கி.மீ. அகலமுள்ள ஒரே பட்டையை அது முன்னே, நேர் கீழே, பின்னே என மூன்று கோணங்களில் பார்த்தது. கோணம் மாறும்போது மேட்டின் உச்சி படத்தில் சற்று இடம்பெயரும். அந்தப் பெயர்ச்சியைக் கொண்டே உயரத்தைக் கணக்கிட்டார்கள். படத்தின் ஒரு புள்ளி தரையில் 5 மீட்டர்.

இந்தப் படங்களிலிருந்துதான் புயற்கடல் எனப்படும் சமவெளியில், கூரை இடியாத எரிமலைக் குழம்புக் குகை ஒன்றை அறிவியலாளர்கள் இனங்கண்டு 2011இல் அறிவித்தனர். மனிதர் தங்குவதைப் பொறுத்தவரை இப்பணியின் அருமையான பயன் இதுவே. நிலவில் காற்றுமண்டலம் இல்லை. கதிர்வீச்சும் விண்கற்களும் தடையின்றித் தரையைத் தாக்கும். பகலில் 100 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம், இரவில் உறைநிலைக்கு நூறு பாகைக்கும் கீழே போகும். தடித்த பாறைக் கூரை இவை அனைத்திலிருந்தும் காக்கும்.

இரண்டாண்டு உழைக்க வேண்டிய கலம் 2009 ஆகஸ்ட் 29 அன்றே தொடர்பிழந்தது. அதற்குள் அதிலிருந்த நாசாவின் கருவி, நிலவுத் தரையில் நீர் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டறிந்துவிட்டது.

தரையிறங்கு கலத்தைக் கவிழ்க்க ஒரு மீட்டர் பாறை போதும். சந்திரயான்-1 படங்களின் 5 மீட்டர் புள்ளியில் அது தெரியாது. 2019இல் சென்ற சந்திரயான்-2 சுற்றுகலத்தின் கேமரா ஏறத்தாழ 25 செ.மீ. வரை பிரித்துக் காட்டுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்தை அண்டிய பகுதியில் இறங்கிய சந்திரயான்-3க்கு இடம் தேர்ந்தெடுக்க அதன் படங்கள் உதவின.

மண்ணின் தன்மையை மட்டும் படத்தால் உணர முடியாது. நிலவின் மேட்டுநிலப் பாறையான அனார்த்தசைட், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதைப் பொடித்து நிலவு மண் போல ஆக்கி, நிலவில் ஓட வேண்டிய ஊர்தியின் சக்கரங்களைச் சோதித்தார்கள்.

2040க்குள் இந்தியரை நிலவுக்கு அனுப்புவது அரசு அறிவித்துள்ள இலக்கு. அதற்குமுன் துருவங்களின் நிரந்தர நிழல் பள்ளங்களை இன்னும் நுணுக்கமாக அளந்தாக வேண்டும். வெளிச்சம் எட்டாத அங்கே பனிக்கட்டியைத் தேட ரேடார் வேண்டும். சந்திரயான்-2 இரு அலைவரிசை ரேடாரைச் சுமந்து சுற்றுகிறது.