சேற்றுக்குள் விலாங்கு, சீட்டுக்குள் ஏரி

1909 அக்டோபரில் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறந்தது. ஆளுநர் ஆம்ப்தில் காலத்தில் எழுந்த யோசனைக்கு வடிவம் கொடுத்தவர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். லண்டன் விலங்குக்காட்சி சாலையில் 1853லேயே கண்ணாடித் தொட்டிகளைப் பார்க்கக் கூட்டம் கூடியது. இந்தியாவில் மெரினாதான் முதல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் அதை மூடிவிட்டார்கள்.

கண்ணாடியோரம் வந்து வாலாட்டும் மீனுக்குத்தான் காட்சியகத்தில் மவுசு. அந்தக் கணக்கில் தேறாத ஒன்று, வங்கக் கடலோரக் கழிமுகங்களின் சேற்றில் வாழும் பாம்பு விலாங்கு. கங்கை மீன்களைப் பற்றி 1822இல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் இதில் ஓர் இனத்துக்கு 'போரோ' என்று பெயர் வைத்தார். வால் நுனியில் துடுப்பு கிடையாது. கூராக, கெட்டியாக இருக்கும். வாலை முன்னே விட்டு, பின்னோக்கியே மணலுக்குள் இறங்கிவிடும். மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே. இருட்டிய பிறகு மோப்பம் பிடித்து நண்டையும் சிறு மீனையும் தேடும். வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர் பொடிமணலை ஆழமாகக் கொட்ட வேண்டும், இடுக்கில்லாமல் மூடி போட வேண்டும். கொஞ்சம் வழி கிடைத்தாலும் வெளியேறிவிடும். இத்தனையும் செய்தவருக்குப் பகலில் மணல்தான் தரிசனம்.

இப்படிப்பட்ட சேறும் மணலும்தான் பழவேற்காடு ஏரியின் சொத்து. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தில் உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் முகத்துவாரம் மணல்மேடிட்டால் கடலைவிடக் கரிக்கும். தொட்டிக்காரர் உப்பு அளவு மாறாமல் காக்கப் பாடுபடுவார். ஏரியோ எதையும் நிலையாக வைத்திருப்பதில்லை.

பழவேற்காட்டின் பழமை என்றதும் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஏரியடியைப் பங்கிட்ட வரலாறு அதைவிடச் சுவையானது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர்கள் இறால் சேரும் இடங்களில் கழி ஊன்றிச் சுத்து வலை கட்டுவார்கள். நல்ல இடம் சில, ஆள் பலர். எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துத் தீர்ப்பார்கள். இதற்குப் பெயர் பாடு. ஊரின் தலைக்கட்டுக்காரருக்குத்தான் உரிமை. ஒருவருக்கே நல்ல இடம் நிலைத்துவிடாமல் முறை சுற்றிவரும். செபாஸ்டியன் மேத்யூ 1991இல் ஐ.நா. உணவு, விவசாய அமைப்புக்காக இதை விரிவாக ஆராய்ந்தார். உள்ளூர்க்காரர்கள் தாங்களே நடத்தும் மீன்வள நிர்வாகத்துக்கு உதாரணமாக இன்றும் இதைக் காட்டுகிறார்கள்.

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சீட்டில் பெயர் ஏற உறவுமுறையும் சாதியும் வேண்டும். பிற ஊரார் பங்கு கேட்டபோதெல்லாம் தகராறு மூண்டிருக்கிறது. இருளர் பழங்குடியினருக்கு இதில் இடமே இல்லை. ஆழம் குறைந்த பகுதியில் இடுப்பளவு நீரில் தவழ்ந்து, இரு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்வதால் இரு கையும் வேலைக்குக் கிடைக்கின்றன. கெளுத்தி முள் குத்தினாலும் நண்டு கடித்தாலும் பொறுத்துக்கொண்டு, அகப்பட்ட இறாலைப் பறியில் போட்டபடி நகர்கிறார்கள்.