கிறித்தவ சமயத்தில் நரகக் கொள்கையும் இறைவன் நீதியும்

உயிர்கள் செய்யும் நன்மை தீமைகட்கு ஏற்ற பயனை இறைவன் கூட்டுவிப்பன் என்பது ஆத்திக சமயங்கள் பலவற்றிற்கும் ஒப்பமுடிந்ததாகும். அப்பயன் எத்துணைக் காலத்தது, எதன்பொருட்டு ஊட்டப்படுவது, மெய்ந்நூலை ஒருகாலும் கேட்டறியாதார்க்கும் அஃதுண்டோ என்னும் வினாக்கள் எழுந்துழியே அவை தம்முள் வேறுபடுகின்றன. கிறித்தவ சமயத்துள் தீயோர்க்கு நரகத் துன்பம் முடிவில்லாதது என்னுங் கொள்கை பெருவழக்கிற்று. ஆயினும், அஃது அச்சமயத்தார் அனைவரும் எக்காலத்தும் ஒருமுகமாகக் கொண்டதன்று. அவருள்ளேயே 1,700 ஆண்டுகட்கு மேலாக வினவப்பட்டு வந்ததொன்றாம். அவ்வரலாறு ஈண்டுச் சுருக்கி உரைக்கப்படும்.

கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் விளங்கிய ஒரிஜன் என்பார் கிறித்தவ ஆசிரியருள் தலைசிறந்த ஒருவர். இறைவன் ஒறுப்பது மருத்துவன் நோயாளியைச் சுடுதலும் அறுத்தலும் போல்வது என்றும், ஒறுப்பின் பயன் உயிர் தூய்மை பெறுதலே என்றும், முடிவில் எல்லாப் பொருள்களும் இறைவன்பால் மீளும் என்றும் அவர் கருதினார். நிசா நகரத்துக் கிரகோரியாரும் அடுத்த நூற்றாண்டில் இதனோடொத்த கருத்தினை எழுதினார். பேரரசன் ஜஸ்டினியன் கி. பி. 543-இல் விடுத்த ஆணையால் ஒரிஜனுடைய கொள்கைகள் விலக்கப்பட்டன. 553-இல் கான்ஸ்டாண்டினோபிளிற் கூடிய திருச்சபைப் பெருமன்றமும் அவரைப் புறச்சமயத்தாருள் வைத்துப் பெயர் சுட்டிக் கடிந்தது. கிரகோரியாரோ இன்றுகாறும் புனிதராகவே போற்றப்படுகின்றார். ஒத்த கருத்துடையார் இருவருள் ஒருவர் விலக்குண்டு ஒருவர் வணங்கப்படுதல் ஆராயத்தக்கது.

மேற்றிசைத் திருச்சபையில் இக்கொள்கைக்கு உறுதி நாட்டியவர் அகஸ்தீன் என்பார். 413 முதல் 426 வரை அவர் இயற்றிய 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் இருபத்தொன்றாம் பகுதி இப்பொருளையே விரித்துரைக்கும். காலத்தால் அளவுபட்ட பாவத்திற்குக் காலவரையறையில்லாத துன்பம் விதித்தல் நீதியோ என்னுந் தடையை அவர் மறைத்திலர், எடுத்துக்கூறியே விடையிறுத்தார். குற்றஞ் செய்தற்கு ஆன பொழுதினைக் கொண்டு எந்நாட்டு நீதியும் தண்டத்தின் காலத்தை அளப்பதில்லை என்பது ஒரு விடை. நல்லோர் எய்தும் வாழ்வினையும் தீயோர் எய்தும் தண்டத்தினையும் மத்தேயு சுவிசேஷம் ஒரே அடைமொழியாற் குறித்தலின், ஒன்றனை முடிவிலதென்றும் மற்றொன்றனை முடிவுடையதென்றும் கொள்ளுதல் கூடாதென்பது மற்றொரு விடை. இவ்விரண்டாவது விடையே பின்னை வந்தோர்க்கெல்லாம் பெருந்துணையாயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய தாமஸ் அக்குவினாஸ் இதனைத் தருக்க முறையால் மேலும் நிறுவினார். பாவமாவது எல்லையில்லாத நன்மையாகிய இறைவனை விட்டு நீங்குதலாகலின் அதன் தண்டமும் எல்லையில்லாததாம்; துன்பத்தின் கடுமை மட்டும் அவரவர் குற்றத்திற்கேற்ப வேறுபடும் என்பது அவர் முடிபு. அக்காலத்துத் திருச்சபை, சுவர்க்கம் நரகம் என்னும் இரண்டற்கும் இடையே, சிறு குற்றமுடையார் துன்புற்றுத் தூய்மை பெறும் நிலையொன்றும் உண்டெனக் கொண்டிருந்தது. 1274-இல் லியோன் நகரத்துப் பெருமன்றமும், பின்னர்ப் பிளாரன்சு, திரெந்து நகரத்து மன்றங்களும் அதனை வலியுறுத்தின. பதினாறாம் நூற்றாண்டிற் பிரிந்த சீர்திருத்தச் சபையார் அவ்விடைநிலை மறைநூலில் இல்லையெனத் தள்ளினர். அதனால் அவர்க்குச் சுவர்க்கமும் நரகமும் என இரண்டே எஞ்சின. உடல் நீங்கிய கணத்தே எல்லாம் அறுதியாக முடிந்தது என்னும் நிலை ஏற்பட்டது. நீதியைப்பற்றிய வினா அச்சபையாரிடையே பின்னாளிற் கடுமையாக எழுந்தமைக்கு இஃதொரு காரணம் என்க.

இங்கே மற்றொரு நிகழ்ச்சியும் கருதற்பாலது. தென்னாட்டு முத்துக்குளித்துறைக் கரையில் முன்னர்ச் சமயப்பணி ஆற்றிய பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் ஜப்பான் நாட்டை அடைந்து ஈராண்டுக்கு மேல் அங்கே போதித்தார். 1552 ஜனவரியிற் கொச்சியிலிருந்து அவர் ஐரோப்பாவிற்கு எழுதிய கடிதம் அங்கு நேர்ந்ததொன்றைக் கூறுகின்றது. ஞானஸ்நானம் பெற்ற ஜப்பானியர், தம் பெற்றோரும் முன்னோரும் நரகத்தில் வீழ்ந்தனர், அவர்க்கு மீட்சியில்லை என்று கேட்டு அழுதனர். வேண்டுதலானும் ஈகையானும் அவரை மீட்டல் இயலாதோ என வினவினர். இயலாதென்பதே அவர் பெற்ற விடை. அத்துணை நல்ல இறைவன் இச்செய்தியை முற்காலத்தே தம் நாட்டார்க்கு ஏன் அறிவித்திலன் என்றும் அவர் கேட்டனர். அறநெறியை இறைவன் எல்லார் உள்ளத்தும் இயல்பாகவே எழுதியுள்ளான் எனச் சவேரியார் விடை கூறினார். அவர் கூறியவற்றை நேர்மையோடு மறையாது எழுதிவைத்தமையால், அம்மக்களின் கண்ணீர் இன்றும் நம் அறிவிற்குப் புலனாகின்றது.

இனி, இக்கொள்கை நீதிமன்றம் ஏறிய வரலாறு இங்கிலாந்து நாட்டது. 1553-இல் அந்நாட்டுத் திருச்சபை வகுத்த நாற்பத்திரண்டு விதிகளுள் இறுதி விதி, முடிவில் எல்லாரும் ஈடேறுவர் என்பாரைக் கடிந்தது. 1563-இல் அவ்விதிகள் திருத்தப்பட்ட காலை அவ்விறுதி விதி நீக்கப்பட்டது. நீங்கிய அவ்விதி 300 ஆண்டு கழித்துப் பெரும்பயன் விளைத்தது.

1853-இல் பிரெடரிக் டெனிசன் மாரிஸ் என்னும் பேராசிரியர், நித்தியம் என்னுஞ் சொல் நெடுங்காலத்தைக் குறிப்பதன்று, இறைவனோடு இயைந்த நிலையின் தன்மையையே குறிப்பது என எழுதினார். அதனால் இலண்டன் கிங்ஸ் கல்லூரியார் அவரைப் பதவியினின்றும் நீக்கினர். 1860-இல் எழுவர் எழுதிய 'கட்டுரைகளும் மதிப்புரைகளும்' என்னுந் தொகுதி வெளிவந்தது. அவருள் ஒருவராகிய ஹென்றி பிரிஸ்டோ வில்சன் என்னும் குருவானவர், முதிர்ச்சியுறாது உடல் நீங்கிய உயிர்கட்கு மேலும் வளர்தற்கு இடனுண்டெனவும், ஈற்றில் அனைவரும் இறைவனிடத்தே புகலடைவர் எனவும் தம் நம்பிக்கையை வெளியிட்டார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1862-இல் திருச்சபை நீதிபதி ஸ்டீவன் லஷிங்டன் அவரை ஓராண்டுப் பணிநிறுத்தஞ் செய்தார். வில்சன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்வழக்கு விடுத்தார். 1864 பிப்ரவரி 8-ஆம் நாள் வெஸ்ட்பரி பிரபு அளித்த தீர்ப்பு, தீயோர்க்கு இறுதியில் மன்னிப்புண்டாகும் என நம்புதல் அச்சபையின் விதிகளால் விலக்கப்பட்டதன்று என முடிவு செய்தது. அந்நாற்பத்திரண்டாம் விதி முன்னர் நீக்கப்பட்டமை அத்தீர்ப்பிற் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. நரகத்தையே வழக்குச் செலவோடு தள்ளுபடி செய்துவிட்டார் என அந்நீதிபதியைக் குறித்து நகையாடினாரும் உளர்.

தீர்ப்பு வெளிவந்தவுடன், நல்லோர் வாழ்வு முடிவிலதாதல் போலவே தீயோர் தண்டமும் முடிவிலது என உறுதி கூறும் அறிக்கையொன்றில் ஏறக்குறைய 11,000 குருமார் கைச்சாத்திட்டனர். அகஸ்தீன் வகுத்த விடையே 1,400 ஆண்டு கடந்து அவ்வறிக்கையில் மீண்டும் ஒலித்தது. தண்டத்தின் எல்லையை நீக்கினால் மக்கள் அறத்தின்கண் அஞ்சார் என்னும் கவலையும் அவர்க்கிருந்தது, அக்கவலை இகழற்பாலதன்று.

அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டுக் கண்காணியாராகிய கொலென்சோ என்பார், சூலு மக்களிடையே போதித்து வருகையில் இவ்வினாவை எதிர்ப்பட்டார். உரோமர்க்கு எழுதிய நிருபத்திற்கு 1861-இல் அவர் வெளியிட்ட உரையில், முடிவிலாத் தண்டக் கொள்கையை ஏற்கமாட்டாமையைத் தெளிவாகக் கூறினார். 1863-இல் கேப்டவுனில் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் இதுவும் ஒன்று. ஜப்பானில் எழுந்த கேள்வி, கேட்டவரையன்றிப் போதித்தவரையும் அசைத்தற்கு 300 ஆண்டு ஆயிற்று.

1877-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திற் பாரர் என்பார் இக்கொள்கையை மறுத்துச் சொற்பொழிவாற்றினார். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பியூசி 1880-இல் அதற்கு எதிர்நூல் விடுத்தார். பின்னர், 1964-இல் இரண்டாம் வத்திக்கான் பெருமன்றம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது இறைவனை உண்மையாய்த் தேடுவாரும் ஈடேற்றம் பெறுதல் கூடும் என்று கூறியது. முடிவிலா நரகக் கொள்கையை மட்டும் உரோமைச் சபை கைவிட்டதில்லை. 1992-இல் அது வெளியிட்ட மறைக்கல்வி நூலும் அதனை உடன்படுகின்றது. 1995-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கை ஆராய்ச்சிக் குழுவோ நரகத்தை முடிவிலா வேதனையாகக் கொள்ளாது, இறைவனை முற்ற மறுத்த உயிர் இலதாதலாகக் கருதிற்று.

சைவ நன்மக்கட்கு இவ்வரலாற்றால் ஆம் பயன் யாதெனின், கூறுதும். நிரயத் துன்பமும் மறக்கருணையே, அது வினை கழிதற்பொருட்டு ஊட்டப்படுவது, கழிந்தபின் உயிர்க்குப் பிறப்புண்டு என்பது சித்தாந்தத் துணிபு. ஒரிஜன் காட்டிய மருத்துவன் உவமை நமக்கு அயலாகத் தோன்றாது. ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கோடல் பொருந்தாது. ஆதியில் தூயவாயிருந்த உயிர்கள் தம் விருப்பால் வழுவின என்பது அவர் மதம். உயிர்கள் அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்டன என்பது நம் மதம். தூய உயிர் எதனால் வழுவிற்று, மீண்டபின் மறித்தும் வழுவாதோ என்னும் கடா அவர்பால் நிற்கும்.

மேலும், அளவுபட்ட வினைக்கு அளவில்லாத் தண்டம் விதிப்பவன் நீதிமானாவனோ என்னும் கடாவைக் கிறித்தவரை நோக்கிச் சைவர் பலகாலும் வினவியதுண்டு. அதனை அவருள்ளேயே அறிவுடையோர் பலர் முற்பட வினவிப் பதவியிழந்தும் பழிசுமந்தும் நின்றனர் என்பதும், எதிர்நின்றாரும் தடையை உணராது கூறினாரல்லர் என்பதும் அறியற்பாலன. அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்திற் பிறர் மதங்களை முதற்கண் அவர் கூறுமாறே நிறுத்திப் பின்னரே மறுத்தார். அம்முறை பற்றிச் செல்வார், ஒருசாரார் கொள்கையைச் சமயம் முழுதின்மேலும் ஏற்றி உரையார்.