ரசத்தில் விழுந்த சாவி

அரக்கோணத்தில் இரும்புக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. பிளாட்பாரத்தில் யாராவது வெட்டி இழுத்து விழுந்தால் கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று பத்துச் சாவிக்கொத்துகள் நீளும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் காவடிக் கூட்டத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். பெருமை சாவிக்குப் போகும்.

என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1978-ல் ஒரு ராத்திரி, சாப்பிடும்போது வலது கை துவண்டது, வாய் கோணியது, பேச்சு குழறியது. பாட்டி பெட்டிச் சாவியை அவர் கையில் திணித்தாள். அது நழுவி ரசத்தில் விழுந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரி. “காக்கா வலிப்புதாண்டா, முருகன் காப்பாத்திட்டான்” என்றாள். மூன்றாம் வாரம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் மீளவேயில்லை.

சாவி நழுவியபோதே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பில் மூளையின் மின்னோட்டம் தறிகெட்டு எகிறும். கை இறுகும், உதறும், பல நேரம் நினைவு தப்பும், தெளிந்தபின் குழப்பமும் அசதியும் இருக்கும். அப்பாவுக்கு முதலில் வந்தது குட்டிப் பக்கவாதம்; அதில் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் சற்று நேரம் போகாது. கை தொங்கிவிடும், ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார்.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். வலிப்புக்குப் பிறகும் கை கால் சில மணி நேரம் விழுந்துபோகும் என்று லண்டனில் டாக்டர் ராபர்ட் டாட் 1849-லேயே விவரித்தார். டாக்டர்களே குழம்பும் இடம் அது. வந்து மறையும் செயலிழப்பையும் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பையும் நரம்பியல் டாக்டர் மில்லர் ஃபிஷர் முடிச்சுப் போட்டுக் காட்டியது 1951-ல்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியிருந்தார். காட்பாடியில் இறங்கினால் பக்கம்தான். நாங்கள் போகவில்லை.

‘காக்கா வலிப்புக் குடும்பம்’ என்ற பேச்சில் அக்காவுக்கு வந்த வரன் தட்டிப்போனது. சட்டமும் அப்போது அப்படித்தான்; இந்துத் திருமணச் சட்டத்தின் தடைகளிலிருந்து வலிப்பு நீக்கப்பட்டது 1999-ல்.

வலிப்பென்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. முகம் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108. சரியாகிவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.