விப்பெஹோல்ம் பற்சொத்தை ஆய்வு

விப்பெஹோல்ம் பற்சொத்தை ஆய்வு என்பது சுவீடன் நாட்டின் தென்பகுதியில் உள்ள லுண்டு நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945 ஆம் ஆண்டு தொடங்கி நடத்தப்பட்ட மருத்துவப் பரிசோதனைகளின் தொகுப்பு ஆகும். சர்க்கரை உண்பதற்கும் பற்சொத்தை ஏற்படுவதற்கும் உள்ள தொடர்பை மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்து நிறுவிய ஆய்வுகளுள் இது மிகவும் புகழ் பெற்றது. உண்ணும் சர்க்கரையின் மொத்த அளவைவிட, அது எத்தனை முறை உண்ணப்படுகிறது, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பனவே பெரிதும் முக்கியமானவை என்பது இதன் முதன்மை முடிவு.

இவ்வாய்வுக்கு உட்படுத்தப்பட்டவர்கள் அறிவுத்திறன் குறைபாட்டால் அம்மருத்துவமனையில் நிலையாகத் தங்க வைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஆவர். அவர்களுடைய ஒப்புதல் பெறப்படவில்லை. பலருடைய பற்கள் முற்றிலும் சிதைந்தன. எனவே இவ்வாய்வு பல் மருத்துவப் பாடநூல்களில் மட்டுமன்றி, மருத்துவ அறவியல் நூல்களிலும் எடுத்துக்காட்டாக இடம்பெறுகிறது.

பின்னணி

பற்சொத்தை எவ்வாறு உருவாகிறது என்பதற்கு அமெரிக்கரான வில்லோபி மில்லர் 1890 இல் ஒரு விளக்கம் அளித்திருந்தார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் உணவிலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் கனிமப் பகுதியைக் கரைக்கிறது என்பது அவரது கருத்து. ஆயினும் 20 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இது அனைவராலும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. உயிர்ச்சத்துக் குறைபாடே சொத்தைக்கு அடிப்படைக் காரணம் என்று கருதியோரும் பலர் இருந்தனர்.

1930 களில் சுவீடன் மக்களின் பல்நலம் மிகவும் மோசமாக இருந்தது. பால் பற்கள் மட்டுமே உள்ள சிறு குழந்தைகளிடமும் சொத்தை பரவலாகக் காணப்பட்டது. 1938 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பொதுப் பல் மருத்துவச் சேவை ஒன்றை ஏற்படுத்த முடிவு செய்தது. ஆனால் அனைவருக்கும் சிகிச்சை அளிக்கும் அளவுக்குப் பல் மருத்துவர்கள் இல்லை. ஆகவே நோயைத் தடுக்கும் வழியைக் கண்டறிவது அரசின் தேவையாயிற்று. அதற்கான ஆய்வை நடத்தும் பொறுப்பு மருத்துவ வாரியத்திடம் அளிக்கப்பட்டது.

இடமும் ஆட்களும்

விப்பெஹோல்ம் மருத்துவமனை 1935 இல் திறக்கப்பட்டது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களுக்காக நாட்டில் இருந்த மிகப் பெரிய நிறுவனம் இதுவே. இங்கிருந்தோர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வாழ்ந்தனர். ஒரே சமையலறையில் இருந்து உணவு பெற்றனர். ஒருவர் என்ன உண்கிறார், எப்போது உண்கிறார் என்பதை முழுமையாகக் கட்டுப்படுத்தவும் பதிவு செய்யவும் முடியும் என்பதே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். வெளியுலகில் வாழும் மக்களிடம் இத்தகைய கட்டுப்பாடு இயலாது.

ஆய்வுக்கு அரசு பணம் வழங்கியதோடு, சர்க்கரை, சாக்லேட், இனிப்புப் பண்டத் தயாரிப்பாளர்களும் பணமும் பொருளும் அளித்தனர்.

ஆய்வின் கட்டங்கள்

முதல் கட்டத்தில் (1945–1947) உயிர்ச்சத்துகள் சொத்தையைத் தடுக்கின்றனவா என்பது சோதிக்கப்பட்டது. நோயாளிகளுக்குச் சர்க்கரை குறைந்த அடிப்படை உணவு வழங்கப்பட்டது.

1947 இல் ஆய்வின் திசை மாற்றப்பட்டது. சொத்தையைத் தடுப்பதற்குப் பதிலாக, சொத்தையைத் தூண்டக்கூடிய உணவு முறைகள் நோயாளிகளுக்கு அளிக்கப்பட்டன. நோயாளிகள் அவர்கள் தங்கியிருந்த கூடங்களின் அடிப்படையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முக்கியமான குழுக்கள் பின்வருமாறு:

* கட்டுப்பாட்டுக் குழு: சர்க்கரை குறைந்த அடிப்படை உணவு மட்டும்.
* சர்க்கரைக் குழு: நாளொன்றுக்கு 300 கிராம் வரை சர்க்கரை, கரைசலாக, உணவு வேளைகளில் மட்டும்.
* ரொட்டிக் குழு: 50 கிராம் சர்க்கரை சேர்த்த 345 கிராம் இனிப்பு ரொட்டி.
* சாக்லேட் குழு: 65 கிராம் பால் சாக்லேட், உணவு வேளைகளுக்கு இடையில்.
* கேரமல் குழு: 22 கேரமல் மிட்டாய்கள், உணவு வேளைகளுக்கு இடையில்.
* 8 டாஃபி குழு, 24 டாஃபி குழு: பல்லில் ஒட்டிக்கொள்ளும் வகையில் தயாரிக்கப்பட்ட டாஃபி மிட்டாய்கள், உணவு வேளைகளுக்கு இடையில்.

நோயாளிகளின் பற்கள் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் சோதிக்கப்பட்டு, புதிய சொத்தைகள் எண்ணப்பட்டன. வெவ்வேறு உணவுகளை உண்டபின் உமிழ்நீரில் எவ்வளவு நேரம் சர்க்கரை எஞ்சியிருக்கிறது என்பதும் அளக்கப்பட்டது. 436 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்துப் பெற்ற முடிவுகள் 1954 இல் சுகண்டிநேவியப் பல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின. குஸ்டாஃப்சன், புள்ளியியலாளர் குவென்சல், கிராசே உள்ளிட்ட ஏழு பேர் அக்கட்டுரையின் ஆசிரியர்கள்.

முடிவுகள்

ஆய்வின் முடிவுகளைப் பின்வருமாறு சுருக்கலாம்.

1. உணவு வேளைகளில் கரைசலாக உண்ட சர்க்கரை, அளவில் மிகுதியாக இருந்தபோதும், சொத்தையைச் சிறிதளவே கூட்டியது.
2. உணவு வேளைகளுக்கு இடையில் உண்ட, பல்லில் ஒட்டும் இனிப்புகள் சொத்தையை மிக அதிகமாகக் கூட்டின. 24 டாஃபி குழுவில் இது உச்சத்தை அடைந்தது.
3. இனிப்புகளை நிறுத்தியபின் புதிய சொத்தை தோன்றும் வேகம் குறைந்தது.
4. ஒரே உணவை உண்டவர்களிடையேயும் வேறுபாடு இருந்தது. டாஃபி உண்டவர்களிலும் சிலருக்குப் புதிய சொத்தை ஏற்படவில்லை.
5. சர்க்கரை குறைந்த உணவை உண்டபோதும் சிலருக்குச் சொத்தை தொடர்ந்து தோன்றியது.

காரண விளக்கம்

இம்முடிவுகளை அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் இசுடீபன் 1940 களில் வெளியிட்ட அளவீடுகளைக் கொண்டு விளக்கலாம். சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களுக்குள், பல்லின் மேல் படிந்துள்ள நுண்ணுயிர்ப் படலத்தின் பி.எச் மதிப்பு விரைவாகக் குறைகிறது. அதாவது அமிலத்தன்மை கூடுகிறது. இம்மதிப்பு ஏறத்தாழ 5.5 க்குக் கீழே செல்லும்போது பற்சிப்பியில் உள்ள கால்சியமும் பாசுபேட்டும் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தை நடுநிலையாக்குகிறது. பழைய நிலைக்குத் திரும்பப் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அப்போது கரைந்த கனிமங்களின் ஒரு பகுதி மீண்டும் பல்லில் படிகிறது.

ஆகவே ஒரு நாளைக்கு மூன்று வேளை உணவுடன் சர்க்கரை உண்பவரின் பற்கள் மூன்று முறை மட்டுமே அமிலத் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. இடையிலுள்ள நேரத்தில் பல் தன்னைச் சீராக்கிக்கொள்கிறது. அதே சர்க்கரையைப் பல மிட்டாய்களாகப் பிரித்து நாள் முழுவதும் உண்பவருக்கு அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. ஒட்டும் தன்மையுள்ள பண்டம் ஒவ்வொரு தாக்குதலின் நேரத்தையும் நீட்டிக்கிறது.

பிற வயதினரிடம் செய்யப்பட்ட ஆய்வுகள்

விப்பெஹோல்ம் நோயாளிகளில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். பிற வயதினரைப் பற்றிய சான்றுகள் வேறு ஆய்வுகளில் இருந்து கிடைத்தன.

குழந்தைகள்: ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் பௌரல் என்னும் ஊரில் 1942 இல் தொடங்கப்பட்ட ஹோப்வுட் இல்லத்தில் குழந்தைகள் சர்க்கரையும் வெள்ளை மாவும் மிகக் குறைந்த சைவ உணவில் வளர்க்கப்பட்டனர். அவர்கள் பல் துலக்குவதில் சிறந்து விளங்கவில்லை. ஈறு அழற்சியும் பலருக்கு இருந்தது. எனினும் சொத்தை மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஏறத்தாழ 12, 13 வயதுக்குப் பின் அவர்கள் இல்லத்தின் உணவுக் கட்டுப்பாட்டிலிருந்து விலகியபோது, சொத்தை மற்றக் குழந்தைகளுக்கு உள்ள வேகத்திலேயே கூடியது. இளமையில் பெற்ற நலம் நிலையான காப்பாக அமையவில்லை என்பதை இது காட்டியது.

இளைஞர்கள்: பின்லாந்தின் துர்க்கு நகரில் 1972 முதல் 1974 வரை 125 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு குழு வழக்கமான சர்க்கரையையும், மற்றொரு குழு புருக்டோசையும், மூன்றாம் குழு சைலிடால் என்னும் இனிப்பையும் உண்டன. நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்ய முடியாத சைலிடாலை உண்ட குழுவில் புதிய சொத்தை மிகமிகக் குறைவாக இருந்தது. இவ்வாய்வில் கலந்துகொண்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

முதியோர்: வயது கூடும்போது ஈறு பின்வாங்குவதால் பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது. வேரைப் பற்சிப்பி மூடியிருப்பதில்லை. ஆகவே பற்சிப்பியைக் கரைக்காத மெல்லிய அமிலமும் வேரைக் கரைக்கக்கூடும். பல மருந்துகள் உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைப்பதால் இயற்கைப் பாதுகாப்பும் குறைகிறது. இதனால் அடிக்கடி இனிப்பு உண்பது முதியோருக்கும் தீங்கானதே.

குறைபாடுகள்

நோயாளிகள் தனித்தனியாகச் சமவாய்ப்பு முறையில் குழுக்களில் சேர்க்கப்படவில்லை. குழுக்கள் வயதிலும் பாலினத்திலும் ஒத்திருக்கவில்லை. மேலும், புளோரைடு கலந்த பற்பசை பரவுவதற்கு முந்தைய காலத்தில் இவ்வாய்வு நடந்தது. 1970 களுக்குப் பின் பல நாடுகளில் புளோரைடு பயன்பாட்டால் சொத்தை வெகுவாகக் குறைந்தது. எனவே விப்பெஹோல்மில் கண்ட வேகத்தை இன்றைய மக்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. அதன் அடிப்படை முடிவு மட்டும் இன்றும் ஏற்கப்படுகிறது.

அறவியல் சிக்கல்

ஆய்வின் விளைவாக ஏறத்தாழ 50 பேரின் பற்கள் முற்றிலும் பாழாயின. நோயாளிகளிடமோ அவர்களின் உறவினர்களிடமோ ஒப்புதல் கேட்கப்படவில்லை. ஆய்வினால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய நன்மை எதுவும் இல்லை. தம் வலியைச் சொல்லவும் மறுக்கவும் இயலாதவர்களாகப் பலர் இருந்தனர். இனிப்பு என்பது அவர்களுக்கு விருப்பமான பண்டமாகவும் இருந்தது.

மனிதர்களிடம் பரிசோதனை செய்யத் தன்விருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்று கூறும் நியூரம்பெர்க் நெறிகள் 1947 இல் வெளியாயின. சர்க்கரைப் பரிசோதனை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி சாற்றுரை 1964 இல் வந்தது.

ஆய்வில் பங்குபெற்ற போ கிராசே, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2001 இல் தம் நினைவுகளையும் கருத்துகளையும் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். வரலாற்றாய்வாளர் எலின் பொம்மெனெல் 2006 இல் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, இப்பரிசோதனையின் அரசியல், பொருளியல் பின்புலத்தை ஆவணங்களின் துணையுடன் ஆராய்ந்தது.

தாக்கம்

ஆய்வு முடிவுகளைத் தொடர்ந்து 1950 களின் பிற்பகுதியில், குழந்தைகளுக்கு நாள்தோறும் இனிப்பு வழங்காமல் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வழங்குமாறு சுவீடனில் பரப்புரை செய்யப்பட்டது. "சனிக்கிழமை இனிப்பு" எனப்படும் இவ்வழக்கம் இன்றும் அந்நாட்டுக் குடும்பங்களில் தொடர்கிறது. அதன் பின்னணியில் உள்ள மருத்துவமனையைப் பற்றி அறியாமலேயே பலர் இதைக் கடைப்பிடிக்கின்றனர்.

உலக சுகாதார அமைப்பு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், உணவுகளில் சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் ஒருவரது மொத்த உணவாற்றலில் 10 விழுக்காட்டிற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இது குழந்தைகள், பெரியோர் இருசாராருக்கும் பொருந்தும். இயன்றால் 5 விழுக்காட்டிற்குக் கீழே குறைப்பது மேலும் நன்று என்றும் கூறியது.